அந்த கிரீமை வாங்கும் முன்

அன்புள்ள கண்ணம்மா,

பருவுக்குப் புரோபயாடிக் கிரீம், அதாவது நல்ல பாக்டீரியா சேர்த்தது என்று விற்கும் கிரீம், வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வாங்கு, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது வந்ததும் டாக்டர் கொடுத்த மருந்தை மட்டும் நிறுத்திவிடாதே.

நீ சுத்தமாக இல்லாததால் பரு வரவில்லை, அதை முதலில் நம்பு. க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பரு இல்லாதவர்கள் முகத்திலும் இருக்கிறது. மயிர்க்கால்களுக்குள் இருந்துகொண்டு, தோலில் சுரக்கும் எண்ணெயைத் தின்று வாழ்கிறது. அப்போது அது வெளிவிடும் கொழுப்பு அமிலங்கள் வேறு கிருமிகளை அண்டவிடாமல் தடுக்கவும் செய்கின்றன. அதில் பல ரகங்கள் உண்டு. துளை அடைபட்டு, எண்ணெய் தேங்கி, சில ரகங்கள் ஆதிக்கம் பிடிக்கும்போதுதான் வீக்கமும் சீழும். அதனால் முகத்தைப் போட்டுத் தேய்க்காதே, கண்ணு. காலையிலும் இரவிலும் மென்மையாகக் கழுவினால் போதும். தேய்க்கத் தேய்க்கத் தோல் எரிச்சலாகிப் பரு இன்னும் சிவக்கும்.

புரோபயாடிக் யோசனை எனக்கும் பிடித்திருக்கிறது. நம் தோலிலேயே வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், ஆய்வகச் சோதனைகளில் அந்தப் பரு பாக்டீரியாவை அடக்கிக் காட்டியிருக்கிறது. ஆனால் கடையில் கிடைக்கும் கிரீம் வேறு. டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பார். 'லைசேட்' என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பவை உடைத்த பாக்டீரியாவின் துண்டுகள், உயிருள்ளவை அல்ல. கிரீம் கெடாமலிருக்கச் சேர்க்கும் பிரிசர்வேடிவ், உயிருள்ள பாக்டீரியாவையும் விட்டுவைக்காது! சிவப்பும் எரிச்சலும் கொஞ்சம் தணியலாம். அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது, இதுவரை நடந்தவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள்தான். முகம் முழுக்கப் பூசும் முன் தாடை ஓரத்தில் சில நாள் தடவிப் பார்.

பருவுக்குப் பூசும் மருந்துகளில் பென்சாயில் பெராக்ஸைடு, அடாபலீன் இரண்டும் நிரூபணமானவை. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும், முதல் சில வாரம் தோல் உரியும். அதைப் பார்த்து மனம் விட்டுவிடாதே. பென்சாயில் பெராக்ஸைடு துணியை வெளுக்கும், வெள்ளைத் தலையணை உறையே போட்டுக்கொள். கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஜெல்லைத் தனியாகப் பூசாதே. பாக்டீரியா பழகிப்போய், மருந்து வேலை செய்யாமல் போகும். பென்சாயில் பெராக்ஸைடோடு சேர்த்துத்தான் போட வேண்டும்.

ஆழமாக, தொட்டாலே வலிக்கிற கட்டிகள் வந்தால் கிரீமை நம்பிக் காத்திருக்க வேண்டாம். தழும்பு விழும் முன் தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டு எனக்கு போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா