கத்தரிக்கோல் சாணைக்கு ஏன் இரண்டு நாள்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். முன்பெல்லாம் கையோடு சாணை பிடித்துக் கொடுத்தவர்கள் இப்போது ஏன் இரண்டு நாள் கேட்கிறீர்கள் என்று பலரும் குறைபட்டுக்கொள்கிறீர்கள். தீபாவளித் தையல் சூடுபிடிக்கும் முன்பே பதில் சொல்லிவிடுகிறோம்.

நல்ல துணிக் கத்தரிக்கோலை மூடி, ஓரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இரண்டு அலகுகளுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரியும். தேய்ந்ததால் வந்ததல்ல அது. வேண்டுமென்றே வைத்த வளைவு. அதனால்தான் மூட மூட இரு விளிம்புகளும் ஒரே புள்ளியில் தொட்டு, அந்தப் புள்ளி திருகாணியிலிருந்து முனை வரை நகர்கிறது. துணி அறுபடுவது அங்கேதான். அவசரத்தில் அலகின் உட்புறத்தைச் சக்கரத்தில் கொடுத்துத் தட்டையாக்கிவிட்டால், விளிம்பு எவ்வளவு கூராக இருந்தாலும் ஜார்ஜெட் மடிந்து நடுவே சிக்கிக்கொள்ளும். ஆகவே வெளிச்சரிவை மட்டுமே தீட்டுகிறோம். உட்புறத்தில் ஒட்டியிருக்கும் பிசிறை எடுக்க, மெல்லிய கல்லில் ஓர் இழுப்பு, அவ்வளவுதான்.

பொறி பறக்கத் தீட்டுவது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் விளிம்பு சூடேறி நீலம் பாரித்தால் எஃகின் பதம் போயிற்று. சீக்கிரமே மறுபடி மழுங்கும். ஆறவிட்டு ஆறவிட்டுத் தீட்டத்தான் நேரம் பிடிக்கிறது.

கத்தரிக்கோலோடு நீங்கள் வழக்கமாக வெட்டும் துணியில் ஒரு துண்டும் கொண்டு வாருங்கள். சாட்டினுக்கு விளிம்பு மெல்லியதாக வேண்டும். டெனிமுக்கு அதே விளிம்பு தாங்காது.

வருவதற்கு முன் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மற்றதை விரியத் தூக்கி விடுங்கள். படக்கென்று மூடிக்கொண்டால் திருகாணி தளர்ந்திருக்கிறது. அதை முடுக்கி, ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் துடைத்தால் போதும், சாணையே தேவைப்படாமல் போகலாம். முடுக்கிக் கொடுக்க நாங்கள் காசு வாங்குவதில்லை.

காகிதம் வெட்டத் தனிக் கத்தரி வைத்துக்கொள்ளுங்கள்; காகிதத்தில் கலந்திருக்கும் களிமண்ணும் சுண்ணமும் விளிம்பைத் தின்றுவிடும். குண்டூசி மேல் பட்டாலோ கீழே விழுந்தாலோ பல் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவாதீர்கள், பழைய லைனிங் துணியில் முனை வரை வெட்டிப் பாருங்கள்.

தாத்தா காலத்து மீரட் கத்தரி வைத்திருப்பவர்கள் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு அது. திரும்பத் திரும்பச் சாணை தாங்கும். ஜிக்ஜாக் கத்தரிக்கோல்களை மட்டும் நாங்கள் எடுப்பதில்லை. அவற்றின் பற்களைத் தீட்ட எங்களிடம் வசதி இல்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரம் புதிய வேலை எடுக்க மாட்டோம். அதற்கு முன்பே, அலகை மூடித் துணியில் சுற்றி, கைப்பிடியில் பெயர் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சாணைக் கடையார்