கிடார் அண்ணனுக்கு: 'அனிமல்ஸ்' அல்ல, 'விஷ் யூ வேர் ஹியர்'

அன்புள்ள கிடார் அண்ணனுக்கு,

பாலக்காட்டுச் சித்தூரில் கானமேளா முடிந்து வேனில் திரும்பும்போது, கொழிஞ்சாம்பாறை வரைக்கும் நீங்கள் ஒரே பிடியாக நின்றீர்கள். பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் ஆல்பங்களில் உச்சம் 'அனிமல்ஸ்'தான், மற்றதெல்லாம் அதற்குக் கீழே. தபேலாக்காரர் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' கட்சி. நான் 'விஷ் யூ வேர் ஹியர்' என்றதும், "அதுல இருக்கறதே ஒரே ஒரு பாட்டுதானப்பா, அதையும் ரெண்டா வெட்டி முன்னயும் பின்னயும் ஒட்டியிருக்கறாங்க" என்று சொல்லிவிட்டு, கிடார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டீர்கள். பதில் சொல்ல எனக்கு நேரமே கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். நம் செட்டில் இருப்பவர்களும், இந்தப் பாட்டுகளைக் கேட்கிற மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் நான் எதை வைத்து அளக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு குழுவின் சிறந்த ஆல்பம் எது என்று கேட்டால், அந்தக் குழுவில் இருக்கிற எல்லோரும் ஒருவரை ஒருவர் காது கொடுத்துக் கேட்டு வாசித்தது எது என்று பார்க்கிறேன். ஒருவர் எழுதி, ஒருவர் முன்னால் நின்று வாசித்து, மற்றவர்கள் சொன்னதைச் செய்துவிட்டுப் போனால் அதுவும் நல்ல ஆல்பமாக இருக்கலாம். ஆனால் அதைக் குழுவின் உச்சம் என்று நான் சொல்ல மாட்டேன். பிங்க் ஃபிளாய்டில் இதைக் கண்டுபிடிக்க ஒரே ஆளைக் கவனித்தால் போதும். கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்.

நான் கீபோர்டு வாசிப்பதால் கீபோர்டுக்காரரைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நினைக்காதீர்கள் அண்ணா. பாஸ் கிடார் வாசித்துப் பாட்டும் எழுதிய ரோஜர் வாட்டர்ஸின் வரிகள் காதில் நேராக விழும். கிடார்க்காரர் டேவிட் கில்மோரின் சோலோ நேராக நெஞ்சில் வந்து இறங்கும். ரைட் வாசிப்பதோ பாதிப் பேருக்கு வாசிப்பதாகவே தெரியாது. மற்றவர்கள் நிற்கும் தரை அது. 'மெடில்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்ட 'எக்கோஸ்' எப்படித் தொடங்குகிறது? பியானோவின் ஒற்றை சுரம், சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக, தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல. 23 நிமிடப் பாட்டுக்கு அந்த ஒரு சுரம்தான் விதை. 'டார்க் சைட்'டில் 'அஸ் அண்ட் தெம்' பாட்டின் இசை, 'சப்ரிஸ்கி பாயின்ட்' படத்துக்காக ரைட் வாசித்து, இயக்குநர் அன்டோனியோனி எடுத்துக்கொள்ளாமல் விட்ட பியானோ. 'பிரீத்' பாட்டில் வரும் ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' ஆல்பத்திலிருந்து வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'யில் கிளேர் டோரி வார்த்தையே இல்லாமல் பாடுகிறாரே, அந்தக் குரலுக்கு அடியில் ஓடும் கார்டு வரிசையும் ரைட்டுடையதுதான்.

சரி, இனி 'அனிமல்ஸ்'.

அதை நான் குறைத்துப் பேசப்போவதில்லை. லண்டனில் அவர்களே சொந்தமாகக் கட்டிய பிரிட்டானியா ரோ ஸ்டுடியோவில் பதிவாகி, 1977 ஜனவரியில் வெளிவந்த ஆல்பம். ஜார்ஜ் ஆர்வெலின் 'விலங்குப் பண்ணை' நாவலைத் தழுவி மனிதர்களை நாய், பன்றி, ஆடு என்று மூன்றாகப் பிரித்து வைத்த கோபம். 'டாக்ஸ்' 17 நிமிடம். அதில் கில்மோரின் இரட்டைக் கிடார் ஏறும் இடத்தில் ஒவ்வொரு முறையும் எனக்கும் உடம்பு சிலிர்க்கிறது. அட்டையில் பேட்டர்ஸி மின்நிலையம், புகைபோக்கிகளுக்கு நடுவில் பன்றி பலூன். 1976 டிசம்பரில் படம் எடுக்கும்போது கயிற்றை அறுத்துக்கொண்டு கென்ட் பக்கம் போய் இறங்கிய அதே பலூன். நீங்கள் மில்லில் இரவு ஷிப்ட் பார்த்த காலத்தில் இந்த ஆல்பம்தான் உங்களைத் தாங்கியது என்று சொன்னீர்கள். அதை நான் முழுதாக மதிக்கிறேன். அந்த வரிகளுக்கு அந்த வேலை செய்கிற பலம் உண்டு.

ஆனால் அந்த ஆல்பத்தில் ரைட்டின் பெயரில் ஒரு பாட்டுகூட இல்லை. அந்தக் குழு தொடங்கியதிலிருந்து இப்படி நடந்தது இதுதான் முதல் தடவை. 'ஷீப்' பாட்டின் முன்னால் வரும் எலக்ட்ரிக் பியானோவை மறுபடி ஒரு தடவை கேளுங்கள். இருட்டில் ஆடுகள் மேய்வது போல, கொஞ்சம் ஜாஸ், கொஞ்சம் பயம். மொத்த ஆல்பத்திலும் கோபம் இல்லாத, வாய்விட்டு எதையும் சொல்லாத இடம் அது ஒன்றுதான். வாசித்தவர் ரைட். பாட்டு எழுதியவராகப் பெயர் போட்டிருப்பது வாட்டர்ஸ் மட்டும். முன்னிசை வாசித்தவருக்கு அந்தப் பாட்டில் உரிமை உண்டா இல்லையா என்று நம் செட்டிலேயே எத்தனை சண்டை நடந்திருக்கிறது! நீங்கள் எப்போதும் வாசித்தவர் பக்கம்தானே நின்றிருக்கிறீர்கள்?

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1979-இல் 'தி வால்' பதிவு நடக்கும்போதே ரைட் வெளியேற்றப்பட்டார். அதன் மேடை நிகழ்ச்சிகளில் சம்பளத்துக்கு வாசித்தார். 1983-இல் வந்த 'தி ஃபைனல் கட்'டில் அவர் இல்லவே இல்லை. 'தி வால்' பெரிய படைப்புதான், அதில் 'கம்ஃபர்டபிளி நம்' சோலோவுக்கு ஈடு இல்லைதான். ஆனாலும் அது ஒரு மனிதரின் நாடகம், மற்றவர்கள் அதில் பாத்திரங்கள். அதைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

'விஷ் யூ வேர் ஹியர்' 1975 செப்டம்பரில் வந்தது. இதில்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீங்கள் சொன்ன அந்த 'ஒரே பாட்டு', 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்', ஐந்து கட்டை மைனரில் (ஜி மைனர்) தொடங்குகிறது. முதலில் சின்தசைசரில் நீளமான ஒரு விரிப்பு. அதற்குள் கண்ணாடிக் கோப்பைகளின் விளிம்பைத் தேய்த்து எடுத்த ஒலியும் கலந்திருக்கிறது. வீட்டுச் சாமான்களை மட்டும் வைத்து ஒரு ஆல்பம் செய்யலாம் என்று முயன்று கைவிட்டார்களே, அதில் மிச்சமானது. அதன் மேல் ரைட்டும் கில்மோரும் மாறி மாறி, அவசரமே இல்லாமல் வாசிக்கிறார்கள். அப்புறம் எல்லாம் அடங்கி, கிடாரில் அந்த நான்கு சுரங்கள்.

அந்த நான்கை நம் கணக்கில் எழுதிப் பாருங்கள். ஐந்து கட்டையை சட்ஜமாக வைத்தால் க, நி, ச, த. காந்தாரம் சாதாரணம், நிஷாதம் கைசிகி. இதுவரை வழக்கமான மைனர். நடபைரவி என்றே நினைத்துக்கொண்டு கேட்போம். நான்காவதாக வரும் தைவதம் சதுச்ருதி, நடபைரவியின் தைவதத்தைவிட ஒரு படி மேலே! அந்த ஒரு சுரம் விழுந்ததும் நடபைரவி நகர்ந்து கரகரப்பிரியாவின் சுரவரிசை ஆகிவிடுகிறது. அவர்கள் ராகம் வாசித்தார்கள் என்று சொல்ல வரவில்லை. சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் இல்லை, ராகத்துக்குரிய பிடி இல்லை. ஆனால் நம் காது அந்த இடத்தில் ஏன் திடுக்கிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. கேரளத்து ராக் குழுவான மதர்ஜேனில் பைஜு தர்மஜன் கிடாரில் கமகம் பிடித்ததை எங்களுக்கெல்லாம் முதலில் போட்டுக் காட்டியவர் நீங்கள்தான். இந்தத் தைவதம் உங்களுக்குப் புரியாமல் போகாது.

கில்மோர் அந்த நான்கு சுரத்தைத் தற்செயலாக வாசித்தபோது வாட்டர்ஸுக்கு சிட் பாரெட் நினைவுக்கு வந்தார். குழுவைத் தொடங்கி வைத்து, மனநிலை குலைந்து 1968-இல் குழுவை விட்டு விலக நேர்ந்த நண்பர். அந்த நினைவிலிருந்து வரிகள் வந்தன. ஒருவர் வாசிக்கிறார், இன்னொருவர் கேட்கிறார், கேட்டவர் எழுதுகிறார், மூன்றாமவர் அதற்குத் தரை போடுகிறார். நான் சொன்ன அளவுகோல் இதுதான் அண்ணா.

தபேலாக்காரர் இங்கே மறிப்பார் என்று எனக்குத் தெரியும். "அப்படிப் பார்த்தா 'டார்க் சைட்'லதான ரைட்டோட பேரு நிறைய எடத்துல இருக்குது?" உண்மைதான். அந்த ஆல்பம் 1973-இலிருந்து 1988 வரைக்குமான காலத்தில் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் 741 வாரம் இருந்தது, அதற்குத் தகுதியானதுதான். ஆனால் எத்தனை இடத்தில் பெயர் இருக்கிறது என்பதை நான் எண்ணவில்லை. 'டார்க் சைட்'டில் ரைட் ஒரு பாட்டைக் கொண்டுவருகிறார், வாட்டர்ஸ் ஒன்றைக் கொண்டுவருகிறார், அபாரமான ஒட்டுவேலையால் அவை ஒன்றாகின்றன. 'ஷைன் ஆன்'இல் ஒட்டும் இடமே கிடையாது. மூன்று பேரும் ஒரே மூச்சில் இருக்கிறார்கள். இத்தனைக்கும் அந்த ஆண்டு அவர்கள் மனம் ஒட்டாமல்தான் ஸ்டுடியோவுக்கு வந்துபோனார்கள். பெரிய வெற்றிக்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியாத களைப்பு. பக்கத்தில் இருந்தும் இல்லாமல் இருப்பதைப் பற்றியே ஆல்பம் செய்தார்கள், அதைச் செய்யும்போது மட்டும் சேர்ந்திருந்தார்கள். 1975 ஜூன் 5-ஆம் தேதி அதே ஸ்டுடியோவுக்கு சிட் பாரெட் வந்து நின்றார். தலைமுடியும் புருவமும் மழித்து, உடல் பருத்து. கூட வாசித்தவர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. ரைட் கடைசியில் வாசிக்கும் பகுதியை நான் கேட்கும்போதெல்லாம் இது நினைவில் வரும்.

பாட்டு இழுக்கிறது என்று நீங்கள் சொல்வதை மட்டும் ஒப்பவே முடியாது. எட்டு நிமிடத்துக்கு மேல் குரலே வராது, சரி. நீங்கள் பாலக்காட்டு வேலைத் திருவிழாக்களில் வெயிலில் நின்று மேளம் கேட்டு வளர்ந்தவர். பஞ்சாரி மேளத்தில் காலத்துக்குக் காலம் தாளச் சுற்று பாதியாகி வேகம் ஏறும். முதல் காலம் 96 அட்சரம் (தாள எண்ணிக்கை). அப்புறம் 48, 24, 12, கடைசியில் 6. முதல் காலத்தில் அத்தனை செண்டைக்காரர்களும் கையை அடக்கிக்கொண்டு நிற்பார்களே, அப்போது யாராவது "சீக்கிரம் ஐந்தாம் காலத்துக்கு வாங்க" என்று சொல்வார்களா? முதல் காலத்தில் நின்றவனுக்குத்தான் ஐந்தாம் காலம் முழுதாகக் கிடைக்கும். 'ஷைன் ஆன்'இல் குரல் வந்து விழும்போது அந்த எட்டு நிமிடமும் அதற்குள் இருக்கிறது. அதை வெட்டிவிட்டு வரிகளிலிருந்து தொடங்கிக் கேட்டுப் பாருங்கள், வெறும் புகழ்ச்சிப் பாட்டாகப் போய்விடும்.

இனி, இரண்டாக வெட்டி ஒட்டியது. இங்கே உங்களுக்கு நல்ல துணை உண்டு. 1974-இல் அவர்கள் மேடையில் மூன்று புதுப் பாட்டுகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள். 'ஷைன் ஆன்', பிறகு 'டாக்ஸ்' ஆன ஒன்று, பிறகு 'ஷீப்' ஆன ஒன்று. மற்ற இரண்டையும் ஒதுக்கிவிட்டு 'ஷைன் ஆன்'ஐ இரண்டாகப் பிரித்து நடுவில் வேறு பாட்டுகளை வைக்கலாம் என்றவர் வாட்டர்ஸ். கில்மோர் ஒப்பவில்லை. மற்றவர்கள் வாட்டர்ஸ் பக்கம் சாய்ந்ததால் அப்படியே ஆயிற்று. ஆக உங்கள் புகார் கில்மோரின் புகார்தான். உங்களுக்குப் பிடித்த 'அனிமல்ஸ்'இன் பெரும்பகுதி அந்த முடிவால் மிஞ்சியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆனால் பிரித்தது சரி என்பதே என் கட்சி. நடுவில் 'வெல்கம் டு தி மெஷின்', ராய் ஹார்ப்பர் பாடிய 'ஹேவ் எ சிகார்' இரண்டும் பாட்டு வியாபாரத்தின் வாய்க்குள் நம்மைக் கொண்டுபோகின்றன. இரண்டும் வாட்டர்ஸ் எழுதியவை. ஆனால் 'மெஷின்'இல் அந்த சின்தசைசர் இல்லாவிட்டால் இயந்திரமே இல்லை. அப்புறம் ரேடியோ திருகுவது போன்ற ஒலி, அதற்குள்ளிருந்து பன்னிரண்டு கம்பிக் கிடார், 'விஷ் யூ வேர் ஹியர்' பாட்டு. இவ்வளவையும் கடந்து மறுபடி 'ஷைன் ஆன்' வரும்போது முதலில் கேட்ட அதே பாட்டாக அது இருப்பதில்லை. முதலில் பாரெட்டுக்கு என்ன ஆனது என்று கேட்டோம். இப்போது, ஏன் ஆனது என்று தெரிந்துகொண்டு கேட்கிறோம்.

கடைசிப் பகுதி, ஒன்பதாவது, ரைட் தனியாக எழுதியது. வரி கிடையாது, கிடார் சோலோ கிடையாது. மெதுவான நடை. ஒலி மங்கிப்போகும் கடைசி நொடிகளில், 1967-இல் பாரெட் எழுதிய 'சீ எமிலி பிளே'யின் மெட்டில் ஒரு துண்டை ரைட் வாசித்துவிட்டுப் போகிறார். அதிகம் பேசாத மனிதர் நண்பருக்குச் சொன்ன வார்த்தை அது. வாட்டர்ஸ் அத்தனை வரியில் சொன்னதை இவர் சில சுரங்களில் சொல்லிவிட்டார் என்றே நான் நம்புகிறேன். தனக்கு மிகப் பிடித்த ஆல்பம் இதுதான் என்று ரைட்டே சொல்லியிருக்கிறார். உங்கள் கில்மோரும் அதையே சொல்லியிருக்கிறார் அண்ணா.

ரைட் 2008 செப்டம்பரில் காலமானார். அவர் இல்லாமல் 'எக்கோஸ்' வாசிக்க முடியாது என்று கில்மோர் அதை மேடையில் விட்டுவிட்டார். ஒரு கிடார்க்காரர் கீபோர்டுக்காரருக்கு இதைவிடப் பெரிய மரியாதை செய்ய முடியுமா?

என் வரிசை இது: 'விஷ் யூ வேர் ஹியர்', 'டார்க் சைட்', 'மெடில்', அப்புறம் உங்கள் 'அனிமல்ஸ்'. நான்காவது இடம் என்பது அவமானம் இல்லைங்க அண்ணா, அந்த நான்கும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன. மறுத்து எழுதுங்கள். 'டாக்ஸ்' சோலோவை வைத்து என்னை மடக்கப் பார்ப்பீர்கள், அதற்கு நான் தயார். ஆனால் அதற்கு முன்னால் 'ஷீப்' முன்னிசையைப் பற்றி நான் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கீபோர்டுத் தம்பி
கோபாலபுரம்