இரண்டு கார்டு இருந்தும் இணையம் நின்றது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இணையத் தகவலுக்கு வழிகாட்டி அனுப்பும் கருவிகளான பெரிய ரவுட்டர்களில் இரண்டு கன்ட்ரோல் கார்டு இருப்பதால் இணையம் நிற்கவே நிற்காது என்று உங்கள் பத்திரிகையில் படித்தேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு இணைய நிறுவனத்தில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறவன் நான். அது பாதிதான் சரி.

தகவல் துண்டுகளான பாக்கெட்டுகளைக் கடத்துவது லைன் கார்டு. எந்த வழி என்று சொல்வது கன்ட்ரோல் கார்டு. மாற்றுக் கார்டு சும்மா கரண்டில் இருந்தால் போதாது. முதல் கார்டின் நிலையை உடனுக்குடன் வாங்கி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொறுப்பேற்கும்போது லைன் கார்டுகளும் புதிதாகக் கிளம்பும். பக்கத்து ரவுட்டர்களுடன் இருந்த பிஜிபி (ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறை) தொடர்பு அறுந்து, நம் வழிகளை அவை அழித்துவிடும். 'கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட்' என்ற வசதி இருந்தால், வழிகளை உடனே அழிக்காமல் அவை கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளும். பிஜிபிக்கு அது 2007-லேயே தரநிலையாக வந்துவிட்டது. ஆனால் எதிர்முனையும் அதை ஏற்க வேண்டுமே!

போன மாதம் எங்களுக்கு நடந்தது இதுதான். மாற்றுக் கார்டில் பழைய மென்பொருள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. பச்சை விளக்கு மட்டும் அழகாக எரிந்தது. முதல் கார்டு விழுந்ததும் எல்லாம் போயிற்று. இரவு இரண்டு மணிக்கு, இங்கேயே டர்பனில் உள்ள சாட்ஸ்வர்த்திலிருந்து அத்தை போன்: "தம்பி, சென்னைக்குப் பேசிக்கொண்டிருந்தேன், கட்டாகிவிட்டதே!"

அப்புறம் என்ன, இப்போது ஞாயிறு பின்னிரவில், முன்கூட்டியே அறிவித்துவிட்டு, நாங்களே பொறுப்பை மாற்றுக் கார்டுக்கு மாற்றிப் பார்க்கிறோம். அத்தைக்கும் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், டர்பன்