கவுன்சிலிலிருந்து வந்தவர் என்ன பார்த்தார்?

அன்புள்ள பெற்றோருக்கு,

போன செவ்வாய்க்கிழமை, கழுத்தில் அடையாள அட்டையோடு ஓர் அம்மையார் வகுப்பு வகுப்பாகப் போய் உட்கார்ந்ததைப் பிள்ளைகள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். அன்று மாலையே வாசலில் இரண்டு மூன்று பேர் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். “ஆஃப்ஸ்டெட் வந்துவிட்டதா? பள்ளியில் ஏதாவது பிரச்சினையா?”

ஆஃப்ஸ்டெட் என்பது இங்கிலாந்தில் பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பு. வந்தவர் அங்கிருந்து வரவில்லை. நம் உள்ளாட்சிக் கவுன்சிலின் பள்ளி மேம்பாட்டு ஆலோசகர். பிரச்சினை உண்டா என்றால், ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் படிக்கும் இயர் 2 வகுப்பில் ஒரு சிறுமியின் பக்கத்தில் அவர் உட்கார்ந்தார். பிள்ளை கடகடவென்று வாசித்தாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ‘ஹார்ஸ்’ என்று அச்சிட்டிருந்த இடத்தில் அவள் ‘போனி’ (குட்டைக் குதிரை) என்றாள். ஆலோசகர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பக்கத்தில் படத்தின் மேல் மெல்லக் கையை வைத்து மறைத்தார். பிள்ளை நின்றுவிட்டாள். அதுவரை அவள் படத்தைத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள். இன்னும் நான்கு பிள்ளைகளிடம் இதையே செய்து பார்த்தார். இரண்டு பேர் அதே மாதிரி நின்றார்கள்.

இது நாங்களே கண்டுபிடித்திருக்க வேண்டிய விஷயம். தினமும் பார்க்கிற கண்ணுக்குச் சில சமயம் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

நாம் தமிழ் படித்தபோது எழுத்துக்கூட்டித்தான் படித்தோம். ஆங்கிலத்தில் ஃபோனிக்ஸ் என்பதும் கிட்டத்தட்ட அதுதான், ஆங்கில எழுத்துகள் நம் எழுத்துகளைப் போல சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்பதைத் தவிர. இயர் 1 முடிவில் நடக்கும் ஃபோனிக்ஸ் சோதனையில் 40 சொற்களில் 20 சொற்கள் அர்த்தமே இல்லாதவை. “ஏன் இந்த வேண்டாத வேலை?” என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. அர்த்தமில்லாத சொல்லை ஊகித்துச் சொல்ல முடியாது. எழுத்துக்கூட்டித்தான் ஆக வேண்டும்.

கவுன்சில் எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். தன் பொறுப்பிலுள்ள பள்ளிகளின் தேர்வு முடிவு, வருகைப் பதிவு, ஆசிரியர்கள் வருவதும் போவதும், வந்த புகார்கள் எல்லாவற்றையும் இலையுதிர் பருவத்தில் பார்த்து, எந்தப் பள்ளிக்கு எத்தனை முறை ஆள் அனுப்புவது என்று எங்கள் கவுன்சில் முடிவு செய்கிறது. சென்ற ஆண்டு நமக்கு ஒரே ஒரு வருகை. இந்த ஆண்டு பருவத்துக்கு ஒன்று. அதைக் கேட்டபோது சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. நிலைமை மோசமானால் எச்சரிக்கை நோட்டீஸ் கொடுக்கவும், நிர்வாகக் குழுவில் ஆள் சேர்க்கவும், பட்ஜெட்டைத் தன் கையில் எடுக்கவும் 2006-ஆம் ஆண்டின் கல்வி, ஆய்வுகள் சட்டம் கவுன்சிலுக்கு அதிகாரம் தருகிறது. நாம் அதன் பக்கத்தில்கூட இல்லை.

உங்கள் மூத்த பிள்ளை அகாடமியில், அதாவது கவுன்சிலின் பொறுப்பில் வராத அரசு நிதிப் பள்ளியில், படித்தால் இந்த ஏற்பாடு அங்கே பொருந்தாது. அகாடமிகளை, அவற்றை நடத்தும் டிரஸ்ட்டும் கல்வித் துறையும் பார்த்துக்கொள்கின்றன.

பள்ளிகளைக் கவனித்து மேம்படுத்தும் இந்த வேலைக்காக அரசு கவுன்சில்களுக்குக் கொடுத்துவந்த தனி மானியம் 2023-இல் நின்றுபோனது. இப்போது எங்களைப் போன்ற பள்ளிகளின் பட்ஜெட்டிலிருந்தே அதற்கு ஒரு பங்கு போகிறது. காசு கொடுத்துக் குறை கேட்கிறோமா என்று எங்கள் ஆபீசில் ஒருவர் சிரித்தார். எனக்கு அது நல்ல பேரமாகவே படுகிறது.

சரி, இனி என்ன செய்யப்போகிறோம்? ஃபோனிக்ஸை நன்றாக நடத்தும் பக்கத்துப் பள்ளி ஒன்றோடு ஆலோசகர் எங்களைச் சேர்த்துவிட்டிருக்கிறார். இயர் 1, இயர் 2 ஆசிரியர்கள் வாரம் ஒரு மதியம் அங்கே போய்ப் பார்ப்பார்கள். படம் நிறைந்த பழைய வாசிப்புப் புத்தகங்களை எடுத்துவிட்டு, பிள்ளை படித்து முடித்த ஒலிகளை மட்டும் வைத்து எழுதிய புத்தகங்களைப் புக் பேக்கில் அனுப்புவோம். அவை மெலிதாக இருக்கும், கதையும் சுமார்தான். “என் பிள்ளை இதைவிடப் பெரிய புத்தகம் படிப்பானே” என்று தோன்றும். ஒருமுறை படத்தை மறைத்துப் பாருங்கள். தடுமாறினால் சொல்லைச் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். எழுத்தின் மேல் விரலை வைத்து ஒலியைக் கேளுங்கள். பத்து நிமிடம் போதும்.

ஆலோசகரின் குறிப்பு நிர்வாகக் குழுவுக்குப் போகிறது. அதில் பெற்றோர் பிரதிநிதிகளும் இருக்கிறார்கள், அவர்களிடம் தாராளமாகக் கேளுங்கள். வரும் வியாழக்கிழமை பிள்ளைகளைக் கூப்பிட வரும்போது அரை மணி நேரம் முன்னதாக ஹாலுக்கு வந்தால், எழுத்துக்கூட்டுவது எப்படி என்று ஆசிரியர்கள் செய்துகாட்டுவார்கள். கைக்குழந்தையோடும் வரலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்