அவளிடம் கேட்கக் கூடாத கேள்விகள்

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உங்கள் கிறிஸ்தவ ஐக்கியத்தில் இறைப்பணி செய்யும் மூத்த ஊழியர் ஒருவர் தன்னிடம் தவறாக நடந்ததாக ஒரு மாணவி அழுதுகொண்டு வந்து சொன்னாள், பொறுப்பாளர்களோ அவளை உபவாசமிருந்து தன்னையே சோதித்துப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். "நான் என்னம்மா செய்யட்டும்?" என்று கேட்டிருக்கிறாய். போனில் பேசினால் கோபத்தில் பாதி விட்டுப்போகும், அதனால்தான் இந்தக் கடிதம்.

என்ன உடுத்தியிருந்தாய், ஏன் தனியாகப் போனாய், சகோதரன் பாவத்தில் விழ இடறலாக இருந்தாயோ, ஏன் சத்தம் போடவில்லை? இவற்றில் ஒன்றைக்கூட நீ அவளிடம் கேட்காதே. கடைசிக் கேள்விக்கு வேதத்திலிருந்து உபாகமம் 22-ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். ஊருக்குள் கூக்குரலிடாத பெண்ணும் குற்றவாளி என்ற பகுதியை மட்டும் வாசிப்பார்கள். அமெரிக்காவில் பில் காத்தர்டு என்பவரின் ஊழியத்தில் இதைப் பாடமாகவே நடத்தினார்கள். 30-க்கும் மேற்பட்ட பெண்கள் அவர்மீதே பாலியல் தொந்தரவுக் குற்றச்சாட்டு சொன்ன நிலையில், 2014-இல் அவர் பதவி விலகினார். அந்த அதிகாரத்தில் நீ இன்னும் கொஞ்சம் கீழே வாசி. வயல்வெளியில் பிடிபட்ட பெண்மேல் பாவமில்லை, ஒருவன் இன்னொருவனைக் கொலைசெய்ததற்கு ஒப்பான காரியம் இது, அவள் கூப்பிட்டிருந்தாலும் காப்பாற்ற ஆளில்லை என்று இருக்கும். உங்கள் அலுவலகம் ஊர் நடுவில்தான் இருக்கிறது. ஆனால் அந்த அறையிலிருந்து அவள் கூப்பிட்டிருந்தால் யார் வந்திருப்பார்கள்?

தாவீது ராஜா இச்சித்த, உரியாவின் மனைவி பத்சேபாள் கதையும் அப்படித்தான். மொட்டைமாடியில் குளித்து ராஜாவை விழவைத்தாள் என்று எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்! மாடியில் உலாவியது தாவீது என்றுதான் வேதம் சொல்கிறது. அவள் மாடியில் குளித்தாள் என்று எங்கும் இல்லை. ஆள் அனுப்பி அழைத்துவரச் சொன்னதும் ராஜாதான். பிறகு தீர்க்கதரிசி நாத்தான் ராஜாவைக் கண்டிக்க வந்தபோது அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீயே அந்த மனுஷன்" என்று தாவீதிடம்தான் சொன்னான். அந்தத் துணிச்சல் இல்லாதவர்கள்தான் பெண்ணை உபவாசம் இருக்கச் சொல்கிறார்கள்.

"ஊழியத்தின் சாட்சி கெடும்", அதாவது நல்ல பேர் போய்விடும் என்று உன்னிடமும் சொல்வார்கள். ரவி சகரியாஸ் நம் சென்னையில் பிறந்தவர், உலகமெங்கும் பேர் பெற்ற கிறிஸ்தவப் பேச்சாளர். 2017-இல் கனடாப் பெண் ஒருவர் அவர்மீது புகார் சொன்னபோது, அவர் அந்தப் பெண்மேலேயே வழக்குப் போட்டார். அவருடைய ஊழிய நிறுவனமும் அவர் பேச்சைத்தான் நம்பியது. 2020-இல் அவர் இறந்தபிறகு அந்த நிறுவனமே நியமித்த வழக்கறிஞர்கள் விசாரித்தார்கள். 2021 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. நீ வாயைத் திறந்தால் லட்சக்கணக்கான ஆத்துமாக்கள் கெட்டுப்போவதற்கு நீதான் பொறுப்பு என்று அவர் மிரட்டியதாக அதில் ஒரு பெண் சாட்சி சொல்லியிருக்கிறார். படித்தபோது எனக்கு உடம்பே நடுங்கியது. ஆத்தும பாரத்தை ஒரு பெண்ணின் வாயைக் கட்டும் கயிறாக்கிவிட்டார்களே! அந்தக் கனடாப் பெண் சொன்னது உண்மை என்று நிர்வாகக் குழு பிறகு ஒப்புக்கொண்டது.

"அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே", அதாவது கர்த்தர் ஏற்படுத்திய ஊழியரைக் குறை சொல்லாதே என்பார்கள். அது 105-ஆம் சங்கீதம். கொஞ்சப் பேராய், பரதேசிகளாய் அலைந்தவர்களை ஒடுக்க இடங்கொடாமல், அவர்களுக்காகக் கர்த்தர் ராஜாக்களைக் கடிந்துகொண்டார் என்பதற்குப் பிறகுதான் அந்த வசனம் வருகிறது. உங்கள் ஐக்கியத்தில் இன்றைக்கு அந்தப் பரதேசி யார் என்று நீயே யோசி.

மன்னிக்கச் சொல்லி அவளை நெருக்காதே. மன்னிப்பது அவளும் ஆண்டவரும் பேசிக்கொள்ள வேண்டிய காரியம். புகாரை மூடிவைக்க அது சாக்கு இல்லை.

சரி, இனி செய்ய வேண்டியது. அவளுக்கு 18 வயது ஆகவில்லையென்றால் யோசிக்கவே இடமில்லை, போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே 2012 போக்சோ சட்டப்படி குற்றம். வயது வந்தவள் என்றால் முடிவு அவளுடையது. போலீசுக்குப் போகலாம், பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம், பணியிடப் பாலியல் தொந்தரவைத் தடுக்கும் 2013 சட்டப்படி அமைந்த புகார்க் குழுவுக்கு எழுதலாம். எதைச் செய்தாலும் அவள் சம்மதத்தோடு செய், கூடவே போ. யார் என்ன சொன்னார்கள் என்பதைத் தேதியோடு எழுதி வை. அந்த ஊழியரோடு சமரசம் பேச அவளை ஒரே அறையில் உட்காரவைக்க யாரையும் விடாதே.

இதனால் உன்னை ஐக்கியத்திலிருந்து ஒதுக்கினாலும் ஒதுக்குவார்கள். அப்பாவிடமும் பேசிவிட்டேன், அவருக்கும் இதே எண்ணம்தான். என் நம்பரை அவளுக்குக் கொடு. ராத்திரி எந்நேரமானாலும் கூப்பிடட்டும்.

அன்புடன்,
அம்மா
பாளையங்கோட்டை