பூனை வளர்ப்போர் கவனத்திற்கு: பால்கனி வலை

எல்லோருக்கும் வணக்கம். வலை கட்டுபவர் வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு அளவெடுக்க வருகிறார். மாடியிலிருந்து பூனை விழாது என்று தயவுசெய்து நம்பாதீர்கள். புறாவைப் பார்த்துப் பாயும்போது பிடி தவறிவிடும்.

1. வலைக் கண் 30 மி.மீ.க்குள் இருக்கட்டும். புறாவுக்குக் கட்டும் 50 மி.மீ. வலையில் குட்டியின் தலை மாட்டிக்கொள்ளும். வலையை மாட்ட ஓர் அடிக்கு ஒரு கொக்கி. வலையின் கீழ் ஓரம் தொய்ந்தால் அதன் வழியாகவே பூனை நழுவும்.
2. வெல்க்ரோ கொசுவலையை நகத்தால் கிழித்துவிடும். ஜன்னலுக்கு ஸ்டீல் வலைதான்.
3. பாத்ரூம் வென்டிலேட்டர் கண்ணாடி இடுக்கையும் அளவெடுக்கச் சொல்லுங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.
4. 5-6 மாதத்தில் கருத்தடை. செய்யாவிட்டால் கதவு திறக்கும் நேரம் பார்த்து ஓடும்.

வெள்ளி இரவுக்குள் பிளாட் எண், பால்கனி, ஜன்னல் எண்ணிக்கையை இங்கே பதிவிடவும்.