பிரா ஆற்றின் நிறம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மருத்துவர்கள் அரசியலுக்கு வருவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கானா நாட்டின் இதய அறுவை நிபுணர் குவாபெனா ஃப்ரிம்பாங்-போவாடெங்கை, நல்ல டாக்டர், தோற்றுப்போன அரசியல்வாதி என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். கணவரின் வேலை காரணமாக ஏழு வருடம் அந்த நாட்டுத் தலைநகர் அக்ராவில் இருந்தவள் நான். அந்த இரண்டு வரி எனக்கு மனசு ஆறவில்லை.

ஜெர்மனியின் ஹானோவரில் பயிற்சி பெற்று, அங்கேயே வசதியாக இருந்திருக்கக்கூடியவர் அவர். 1989இல் ஊர் திரும்பி, அக்ராவின் கோர்லே பூ மருத்துவமனையில் தேசிய இதய மையத்தை உருவாக்கினார். அதற்கு முன் இதயத்தைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டுமென்றால் பெரும்பாலும் வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டும். பணம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? எங்கள் குடியிருப்புக் காவலாளியின் அக்கா மகளுக்கு வால்வு மாற்றியது இந்த மையத்தில்தான். ஏழைகளின் செலவுக்கென்று அறக்கட்டளை தொடங்கி நன்கொடை திரட்டியவரும் அவரே.

அரசியலில் அவர் வாக்கு வாங்கவில்லை என்பது சரிதான். 2007இல் புதிய தேசபக்திக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்ற 17 பேரில் அவரும் ஒருவர். அகுஃபோ-அடோதான் ஜெயித்தார். அதே அகுஃபோ-அடோ 2017இல் அதிபரானதும் இவரைச் சுற்றுச்சூழல், அறிவியல் துறை அமைச்சராக்கி, சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்களை ஒடுக்கும் அமைச்சர்கள் குழுவுக்கும் தலைவராக்கினார். கட்டுரையாளர் தாண்டிப் போனது இந்த இடத்தைத்தான்.

அந்தச் சுரங்கத் தொழிலை அங்கே 'கலாம்சே' என்பார்கள். 'திரட்டு, வித்துடு' என்ற பொருளில் ஆங்கிலேயர் காலத்தில் புழங்கிய ஆங்கிலச் சொற்கள் மருவி வந்த பெயராம். ஒரு காலத்தில் கையில் சட்டியோடு தங்கம் அரித்தவர்களின் பிழைப்பு அது. அப்புறம் பொக்லைன் இயந்திரங்கள் வந்தன. கரையைத் தோண்டி, கோகோ தோப்புகளை அழித்து, சரளையை ஆற்று நீரில் அலசி, பாதரசம் ஊற்றித் தங்கத்தைப் பிரிக்கிறார்கள். மிஞ்சிய சேறும் பாதரசமும் ஆற்றுக்கே போகின்றன. கேப் கோஸ்ட் நகரிலிருந்து தாக்கொராடி நகருக்குப் போகும் வழியில் பெப்போசோ பாலத்தில் பிரா ஆற்றைப் பார்த்திருக்கிறேன். கரைக்குக் கரை டீக்கடைப் பால் டீ நிறம். எங்களை அழைத்துப் போன ஓட்டுநர், சின்ன வயதில் அதில் குடித்துக் குளித்ததாகச் சொன்னார்.

குழுவின் வேலையில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பறிமுதல் செய்த பொக்லைன்கள் நூற்றுக்கணக்கில் காணாமல் போயின. தலைவர் என்ற முறையில் அதற்கு அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். ஆனால் பதவி போன பிறகு, 2021 மார்ச்சில், அவர் ஓர் அறிக்கை எழுதி அதிபர் மாளிகைக்குக் கொடுத்தார். இந்தச் சுரங்கங்களைத் தடுக்க முடியாமல் போனதற்குச் சொந்தக் கட்சிக்காரர்களும் ஆட்சிக்கு நெருக்கமானவர்களுமே காரணம் என்று பெயர்களோடு எழுதினார். இரண்டு வருடம் அது வெளியே வரவில்லை. 2023 ஏப்ரலில் கசிந்தது. பெயர் வந்தவர்கள் மறுத்தார்கள். அடுத்த மாதமே, ஊழலை விசாரிக்கும் சிறப்பு வழக்குரைஞர் அலுவலகம் அவரையே அழைத்து விசாரித்தது.

யார் சொன்னது சரி என்பதை நீதிமன்றம் பார்க்கட்டும். நான் கேட்பது வேறு. தன் கட்சி ஆட்சியில் இருக்கும்போதே, கண்ணில் பட்டதைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு மனிதரைத் தோற்றவர் என்று எப்படி எழுத மனம் வந்தது? எக்ஸ்ரேயில் தெரிவதை மறைக்காமல் நோயாளியிடம் சொல்கிற பழக்கத்தோடுதான் அவர் அரசியலுக்கு வந்திருக்கிறார்.

2024 ஆகஸ்டில் கானா குடிநீர் நிறுவனம் ஒரு செய்தி வெளியிட்டது. கேப் கோஸ்டுக்குத் தண்ணீர் தரும் செக்யெரே ஹெமாங் நிலையம், கலங்கல் 2,000 அலகு வரை தாங்கும்படி கட்டப்பட்டது. பிரா ஆற்றிலிருந்து அங்கே வந்துகொண்டிருந்த தண்ணீரில் அது 14,000. ஃப்ரிம்பாங்-போவாடெங் கொடுத்த அந்த அறிக்கையில் என்ன இருந்தது என்று அடுத்த இதழிலாவது விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நீண்டகால வாசகி,
திருச்சி